இப்பத்தான் சாப்பிட்டனுங்க

கோயமுத்தூர்ப் பல்லி ஒன்று யாருடைய பெட்டிக்குள்ளோ தூங்கிப்போய், சென்னையில் கண் விழித்தது. ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து உள்ளூர்ப் பல்லி எட்டிப் பார்த்தது.

“யார்பா நீ, புதுசா கீற? ஈசல் துன்றியா?”

“ஐயோ, வேண்டாமுங்க. இப்பத்தான் சாப்பிட்டனுங்க.”

பசி காதை அடைத்தது. ஆனால் அதன் ஊரில் இரண்டு மூன்று தடவை மறுத்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

“சரி, வுடு” என்று உள்ளூர்ப் பல்லி ஈசலை விழுங்கிவிட்டது.

தினமும் இதே கதை. கடைசியில் ஒருநாள், “துன்றியா?” என்றதுமே “குடுங்க!” என்று பாய்ந்தது. வயிறு நிறைந்தது.

அதே பெட்டியில் ஊர் திரும்பியதும், பக்கத்துச் சுவர்ப் பல்லி தன்னிடமிருந்த ஒரே ஈசலைக் காட்டி, “வாங்க, வாங்க, சாப்புடுங்க!” என்று உபசரித்தது.

“சரிங்க” என்றது இது, வாயில் ஈசலோடு.

உபசரித்த பல்லிக்கு வால் அறுந்து விழுந்தது.