பாட்டு அழிக்கப் போன இடத்தில்

எழுத்தாளர் அனல்வேந்தன் தன் நாவலை வைத்து ரசிகர்கள் பாடித் திரிந்த பாட்டை எல்லார் தலையிலிருந்தும் அழிக்க உத்தரவு வாங்கிவிட்டார். வீடு வீடாகப் போய் மெஷின் வைத்து அழிப்பது என் உத்தியோகம். மேற்பார்வை என்று அவரும் கூடவே வந்து உயிரை வாங்கினார்.

முந்நூறு தலைகள், தலைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"எப்படிய்யா இவ்வளவு சுலபமா வருது?"

"நாவலைப் படிச்சிருந்தா பாட்டு அதோட ஒட்டிக்கும் சார். யாருக்கும் ஒட்டல."

அவர் விறுவிறுவென்று அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

பல்லாவரத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஜெயசீலியிடம் மெஷின் திணறியது. பாட்டைக் கட்டியதே அந்த அம்மாள்தானாம்.

"சார், இதை எடுத்தா நாவலும் சேர்ந்து போயிடும்" என்றேன்.

அனல்வேந்தன் முகத்தில் பல்பு எரிந்தது. "முழுசாப் படிச்சீங்களாம்மா?"

"ரெண்டு தடவை சார்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "விட்டுடுய்யா. பாடிட்டுப் போகட்டும்."

ஜெயசீலி ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னார். "கடைசி அத்தியாயத்தைச் சொதப்பிட்டீங்க சார். மனசு கேக்கல. அதான் பாட்டுல சரி பண்ணிட்டேன்."

அனல்வேந்தன் என் பக்கம் திரும்பினார்.

"வைய்யா மெஷினை."