ஒரே பதில்

“சார், இந்தம்மாவும் காமெடியனுக்குத்தான் ஓட்டாம்,” என்று ஹெட்போனைக் கழற்றினாள் பேட்டி எடுக்கும் பெண்.

“யாரு காதுல பூ சுத்தறே? மேடையில நாலு பேர் மாதிரி பேசிக் காட்டினவனுக்கு ஊரே ஓட்டுப் போடுமா?” என்றார் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் முதலாளி.

போன தேர்தலில் அவர் கணிப்பு தலைகீழாகப் போய் மானம் கப்பலேறியிருந்தது. இன்னொரு தடவை சறுக்கினால் நிறுவனத்தை இழுத்து மூட வேண்டியதுதான். நாளைய பத்திரிகைக்கு இதுவரை வந்த முடிவுகள் போய்விட்டன. அவர் போனில் ‘சரி’ என்று சொன்னால் அச்சாகிவிடும்.

“நம்பலைன்னா நீங்களே பேசிப் பாருங்க சார்.”

பேசினார். இருமிக்கொண்டே ஒரு பெரியவர், கொஞ்சலாக ஒரு கல்லூரிப் பெண், கரகரத்த குரலில் ஒரு லாரி டிரைவர். எல்லோரும் காமெடியனுக்குத்தான் என்றார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

“இரு, என் வீட்டுக்காரியையே கேக்கறேன். அவ பரம்பரையா வேற கட்சி,” என்று மனைவியின் எண்ணை அழுத்தினார்.

“உன் ஓட்டு யாருக்கு?”

“காமெடியனுக்குத்தாங்க. இதைக் கேக்கவா வேலை நேரத்துல போன்? முதல்ல சாப்பிட்டீங்களா, இல்லையா?”

அதே அதட்டல். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இவளே மாறிட்டாளா? அப்ப நிஜம்தான் போல,” என்றபடி போனை வைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி உள்ளே வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“என்னங்க, காலையில பஸ்ல என் போனை எவனோ அடிச்சிட்டான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நேரா ஓடி வர்றேன்.”

பேட்டி எடுக்கும் பெண் மெல்ல ஹெட்போனை மேசையில் வைத்து, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். பெரியவர், கல்லூரிப் பெண், டிரைவர் என்று ஒவ்வொரு குரலும் அவர் காதில் திரும்ப ஓடியது.

உடனே பத்திரிகை ஆசிரியரை அழைத்தார்.

“நான்தான் பேசறேன். அந்தக் கணிப்பைப் போட்டுடாதீங்க. அத்தனையும் பொய்.”

எதிர்முனையில் ஆசிரியர் சாவகாசமாகச் சிரித்தார்.

“முதலாளியே இப்பத்தான் பேசிட்டு வச்சார், தாராளமா போடுங்கன்னு. ‘என்னை மாதிரியே ஒருத்தன் பேசி நிறுத்தச் சொல்லுவான், ஏமாந்துடாதீங்க’ன்னும் சொன்னார். ஆனா ஒண்ணு தம்பி, அச்சு அசல் அவரேதான்.”