கெத்னெட் போட்ட தேதி

மேசை மேல் போன் செத்துக் கிடந்தது. அதன் எதிரே கெத்னெட் பாதி செத்திருந்தான்.

"முலு அக்கா, இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன்."

எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

பஹிர் தார் நகரில் ஒரு பேருந்து டிக்கெட் அலுவலகம் எங்களுடையது. போன் எடுப்பதுதான் என் பிழைப்பு. காலையிலிருந்து காப்பிக்கொட்டை வறுப்பதைத் தவிர எனக்கு வேலையே இல்லை. போனில் கேட்க வேண்டியவர்களெல்லாம் நேரில் வந்து வரிசையில் நின்றார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் கெத்னெட்டுக்கோ இன்று வாழ்வா சாவா. பெண் கேட்டு மூன்று பெரியவர்களைக் கோந்தாருக்கு அனுப்பியிருந்தான். பெண்ணின் அப்பா ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். காலைக் காப்பி நேரத்தில் ஆபீஸ் போனுக்குப் பதில் சொல்கிறேன், ஒரே தடவைதான் கூப்பிடுவேன், எடுக்காவிட்டால் அதுதான் பதில் என்று சொல்லி அனுப்பிவிட்டார். செல்போனில் கல்யாணம் பேச மாட்டாராம். என்ன மனிதரோ!

பெண் யாரென்று கேட்டால் இவன் பல்லைக் காட்டுவான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

எங்கள் போன்களை ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் இருக்கிறது. அதன் முன்னால் மண்டியிட்டுக் கிடந்தாள் செப்லே, எங்கள் கம்ப்யூட்டர்காரி. வாயைத் திறந்தால் பட்டாசு.

சர்வருக்கு போன் கம்பெனியின் பெயர்தான் தெரியும், முகவரி தெரியாது. ஒவ்வொரு முறையும் இணையத்தில் கேட்டுத்தான் போகும். போன வாரம் எவனோ ஒரு படுபாவி நடுவில் புகுந்து தன் முகவரியைச் சொல்லிவிட்டான். எங்களுக்கு வந்த அழைப்பெல்லாம் அவன் காதுக்குப் போயிற்று. அதனால்தான் செப்லே இன்று காலை ஒரு காவல் போட்டாள். இனிமேல் கையெழுத்தோடு வரும் பதிலைத்தான் சர்வர் நம்பும். அந்தக் கையெழுத்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்றும் பார்க்கும்.

காவல் போட்டதிலிருந்து எந்தப் பதிலையும் அது நம்பவில்லை.

"அந்தக் காவலை எடுத்துத் தொலையேன் செப்லே. இன்னைக்கு ஒரு நாள்" என்று கெஞ்சினான் கெத்னெட்.

"எடுக்கிறேன். உன் மாமனார் கூப்பிடுறப்ப அந்தத் திருடன் எடுத்து 'ஆமாங்கய்யா, நான்தான் மாப்பிள்ளை'ன்னு சொல்லட்டும். பொண்ணை அவனுக்கே கட்டி வெச்சிடலாம்."

வரிசை மொத்தமும் சிரித்தது. கெத்னெட் சிரிக்கவில்லை.

நான் காப்பிக்கொட்டையை இடிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் மெதுவாகத்தான் இடித்தேன். காப்பி தயாராகிவிட்டால் அவர் கூப்பிட்டுவிடுவார் என்று ஒரு பயம்.

செப்லே திரையை முறைத்தாள். "இன்னும் செல்லாத கையெழுத்துன்னு சொல்லுது. இன்னும்னா? நாளைக்குப் பொழுது விடிஞ்சாத்தான் செல்லுமா?" சட்டென்று கெத்னெட் பக்கம் நிமிர்ந்தாள். "காலையில கரண்ட் போய் வந்ததும் உன்னைத் தேதி போடச் சொன்னேனே. என்ன வருஷம் போட்ட?"

"2017. சரியாத்தான் போட்டேன். முலு அக்கா, நீங்களே சொல்லுங்க."

சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். 2017. சரிதானே? தலையாட்டினேன்.

செப்லே படாரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "அட மக்கு! அது நம்ம நாட்டுக் காலண்டர் கணக்கு. மத்த ஊர் உலகத்துக்கெல்லாம் 2025! கம்ப்யூட்டருக்கும்தான்!"

நாங்கள் உலகத்தைவிட ஏழெட்டு வருடம் இளையவர்கள். அதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அந்த இயந்திரம் பாவம் என்ன செய்யும்? இந்த வருடக் கையெழுத்தெல்லாம் அதற்கு இனிமேல்தான் போடப்போகிற கையெழுத்து. யார் நம்புவார்கள்? சரியான நேரம் என்னவென்று வெளியே விசாரிக்கவும் ஒரு முகவரி வேண்டும். அதையும் அது நம்பவில்லை.

தேதியை மாற்றும்போது செப்லே இரண்டு தடவை தப்பாகத் தட்டி, அழித்து, திரும்பத் தட்டினாள். அடுத்தவன் கல்யாணத்துக்கு இவ்வளவு பதற்றமா, நல்ல மனசுக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் பச்சை விளக்கு வந்தது.

முதல் கோப்பையை ஊற்றினேன். பாதி நிறையும்போதே மணி அடித்தது.

கெத்னெட் பாய்ந்து எடுத்தான். எழுந்து நின்றுகொண்டான். "வணக்கங்கய்யா. ஆமாங்கய்யா. நான்தாங்கய்யா." பிறகு கேட்டுக்கொண்டே நின்றான். வரிசையில் இருந்தவர்கள் டிக்கெட்டை மறந்து அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

அவன் ரிசீவரை மெல்ல இறக்கினான்.

"பதில் சொல்லலை. முதல்ல உன்கிட்ட கேக்கணுமாம்" என்று சொல்லி, அதைச் செப்லேயிடம் நீட்டினான்.

செப்லே கையில் ஒட்டியிருந்த தூசியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று வாங்கினாள். பட்டாசு வாய்க்காரி கிசுகிசுத்தாள்.

"ஆமாப்பா. எனக்குச் சம்மதம்."

கள்ளி! இத்தனை நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்தவள்!

சந்தோஷம் தாங்காமல் நான் குலவை போட்டேன். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். கோந்தாரில் ஹெட்மாஸ்டருக்கும் நன்றாகவே கேட்டிருக்கும், ரிசீவரை அவள் இன்னும் வைக்கவில்லை.