பழசிலும் பழசு

"சார், கத்தாதீங்க. நிபுணர் வந்துட்டார்!"

கிசுகிசுத்தவர் மீன் காட்சியகத்தில் நுரையீரல் மீனுக்குப் பொறுப்பாளர். எல்லோருக்கும் 'நுரையீரல் மேடம்'. எதிரே நின்ற 'சுறா சார்' சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாயை மூடினார்.

எந்த மீனின் வம்சம் பழசு என்று இருவருக்கும் பல வருஷச் சண்டை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன இயக்குநர், "வெளியிலேர்ந்து ஒரு நிபுணரை வரச் சொல்லியிருக்கேன். அவர் எதைப் பழசுன்னு சொல்றாரோ அதுக்கு முன் மண்டபம். இன்னொண்ணுக்குக் கழிவறைப் பக்கம்" என்று சொல்லிவிட்டார்.

வந்தவர் தோளில் கனத்த பை. "எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மேடம் தொட்டியைக் காட்டியதும் மண்டி போட்டு, அடியில் உற்றுப் பார்த்தார். மீனும் அடியில்தான் மரக்கட்டை மாதிரி கிடந்தது. பிறகு காதை வைத்துக் கேட்டார். மேடத்துக்கு மெய்சிலிர்த்தது. மீனைக் காது கொடுத்துக் கேட்கிற நிபுணரை அவர் பார்த்ததே இல்லை.

"தண்ணியோட காத்தையும் இழுக்குதே?"

"அதான் சார் இதோட பெருமையே! செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கரையேறி வந்த நம்ம எல்லாருக்கும் மீன்கள்லயே இதுதான் நெருங்கின சொந்தம்."

வந்தவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்பப்ப நின்னுடுமோ?"

"கோடையில தண்ணி வத்தினா நின்னுடும். சேத்துல புதைஞ்சு மாசக்கணக்கா அசையாது. தண்ணி பட்டா எழுந்துக்கும்."

"ஊத்தினாத்தான் எடுக்கும்னு சொல்லுங்க. எத்தனை வருஷம் ஆச்சு?"

"நாப்பது கோடி!"

"இருக்கும், இருக்கும். பாத்தாலே தெரியுது. இவ்வளவு பழசை என் ஆயுசுல பாத்ததில்ல."

சுறா சாருக்கு முகம் சுண்டிப்போனது. "சார், என்னோடதையும் பாருங்க. அது இதைவிடப் பழசு."

வந்தவர் பக்கத்துத் தொட்டியின் அடியிலும் மண்டி போட்டார். "இதா? புத்தம் புதுசு. போன வருஷத்துச் சரக்கு."

"நாப்பத்தஞ்சு கோடி வருஷம் சார்!"

"யாரோ உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

சுறா சார் தன் பகுதியின் பெயர்ப் பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கழிவறைப் பக்கம் தளர்ந்து நடந்தார்.

மேடத்தின் கண் கலங்கியது. "ரொம்ப நன்றி சார். இதுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?"

"அதான் இந்த நிலைமைக்கு வந்திருக்கு" என்றபடி வந்தவர் பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். "இந்தப் பம்ப்பை இனிமே ரிப்பேர் பண்ணிப் பிரயோஜனம் இல்ல மேடம். கழட்டிட்டுப் புதுசு மாட்டிடறேன்."

மேடம் ஸ்பேனரையும் பம்ப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நடைவழியை எட்டிப் பார்த்துவிட்டு, பம்ப் மெக்கானிக்கின் காதோரம் குனிந்தார்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க... அவர் இன்னும் பலகையை மாட்டி முடிக்கல."