ஃப்ரீசருக்குள் ஒரு கார்டு

“அண்ணி, ஃப்ரீசர்ல மேல இருக்கற நீல டப்பாவை மட்டும் வெளிய எடுத்துடாதீங்க.”

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்ற நாத்தனார் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். மறுநாள் அவளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன்.

“உன் கார்டுக்கு இருக்கற மரியாதை இந்த வீட்டுல எனக்கு இல்ல,” என்றாள் அண்ணி.

டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றி, தன் கிரெடிட் கார்டை அதற்குள் போட்டு உறைய வைத்திருந்தாள் நாத்தனார். பதினெட்டு மாதத்துக்கு வட்டியில்லாத கார்டு. வட்டி ஏறிக்கொண்டிருந்த கடனையெல்லாம் அதற்கு மாற்றி, மாதாமாதம் அடைத்துக்கொண்டு வந்தாள். கடன் தீரும்வரை அதில் புதிதாக எதையும் வாங்கிவிடக் கூடாது. ஆசை வந்து கையில் எடுத்தாலும், ஐஸ் கரைவதற்குள் புத்தி வந்துவிடுமாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு, எதையாவது உறைய வைத்தால்தான் நிம்மதி போலிருக்கிறது என்று அண்ணி நினைத்துக்கொள்வாள்.

ஃப்ரிட்ஜ் அண்ணியுடையது. இரண்டு கதவு. அவள் கணவன் முழுப் பணத்தையும் எண்ணி வைத்து வாங்கிக் கொடுத்ததாம். வாஷிங் மெஷினும் கையில் மின்னும் பிரேஸ்லெட்டும் அப்படி வந்தவைதான். “எங்க வீட்டுக்காரருக்குக் கடன்னாலே ஆகாது” என்று அவள் சொல்லிக் கேட்காதவர்கள் அந்தக் குடியிருப்பில் யாரும் இல்லை. பேசும்போது பின்னறை ஜன்னல் திறந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள். நாத்தனார் இருப்பது பின்னறையில்.

“இந்தாங்க அண்ணி, பதினாறாயிரம். பத்தாம் தேதிக்குள்ள பேங்க்ல கட்டிடுங்க. கார்டு நம்பர் கவர் மேலயே எழுதியிருக்கேன். ஒரு நாள் தள்ளினாலும் சலுகை போயிடும். மிச்சம் இருக்கற அத்தனைக்கும் வட்டி போட ஆரம்பிச்சுடுவாங்க.”

“ஏன், நீயே போன்ல கட்டக் கூடாதா?”

“அந்த ஆப்பையே தூக்கிட்டேனே! இருந்தா என் கை சும்மா இருக்காது. அண்ணன் இருந்தா அவரே கட்டிடுவாரு.”

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் பொருத்தப் போயிருந்தான். பன்னிரண்டாம் தேதிதான் வருவான்.

கூட வேலை பார்க்கும் தோழி டாக்ஸியோடு வந்து அவளை அழைத்துப் போனாள்.

அண்ணி கவரைத் திருப்பிப் பார்த்தாள். பழுப்புக் கவர். மூலையில் லிஃப்ட் கம்பெனியின் பெயர். ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், மாடிப்படி ஓரமாக, கணவன் தன் தங்கையிடம் நீட்டும் அதே கவர். ஒருமுறை கேட்டும்விட்டாள்.

“மாசாமாசம் அப்படி என்னத்தைத்தான் கொடுக்கறீங்க அவளுக்கு?”

“ஒண்ணுமில்ல. அவளைப் பார்த்துக் கத்துக்கோ. எவ்வளவு கட்டுப்பாடா இருக்கா பாரு.”

அன்று எரிய ஆரம்பித்த வயிறு இன்னும் அணையவில்லை. கண்டபடி செலவு செய்து கடனை வாங்குவது அவள். அடைப்பது என் புருஷன். கடைசியில் கட்டுப்பாடு என்று பேர் மட்டும் அவளுக்கு!

பத்தாம் தேதி அண்ணி வங்கிக்குப் போனாள். டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னால் நான்கே பேர்தான். இரண்டு பேர் முடித்துப் போனதும், டோக்கனை நான்காக மடித்தாள். எழுந்து வெளியே வந்து வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் போய்க் கட்டினாள்.

“நேத்தே கட்டியிருக்கணுமே மேடம்?” என்றார் கவுண்ட்டர்காரர்.

“அடடா, மறந்துட்டேனே.”

சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் தேதி மதியம், அண்ணனே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்கையை அழைத்து வந்தான். சோபாவில் அவளை உட்கார வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அவள் போனில் வங்கியிடமிருந்து செய்தி வந்தது. படித்தவளின் முகம் மாறியது.

“அண்ணி, பத்தாம் தேதிதானே கட்டினீங்க?”

“கூட்டம் தாங்கல. மறுநாள் கட்டினேன். ஒரு நாள்ல என்ன குடி முழுகிப் போச்சு?”

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவன் போனை வாங்கிப் படித்துவிட்டு, தோளில் தொங்கிய பையைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“ஏழு மாசம் பாக்கி. ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம்.”

“வட்டி?”

“வருஷத்துக்கு நாப்பது சதவீதம்.”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

“அவ கடனுக்கு நீங்க ஏங்க தலையில கை வைக்கறீங்க? கவர் கவரா கொடுத்தது போதாதா? வாங்கினவ கட்டட்டும்!”

“அண்ணா, வேணாம்ணா,” என்றாள் தங்கை, வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு.

அவன் எழுந்து போய் ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்தான். வெண்புகை கசிய நீல டப்பாவை எடுத்து, மனைவியின் முன்னால் மேஜையில் வைத்தான்.

“அவ எதையும் வாங்கல. எனக்கு எந்த பேங்கும் வட்டியில்லாத கார்டு தரமாட்டேன்னுட்டான். அதான் என் கடனை அவ கார்டுக்கு மாத்திக்கிட்டா. இந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், உன் கையில கிடக்கறது... எதையுமே நான் ரொக்கமா வாங்கலடி.”