முதல் மழையின் பஜ்ஜி

நகராட்சிக் கூட்டத்தில் பொறியாளர் யாழரசி வழக்கம்போல் கான்கிரீட் குழாயைச் சுத்தியலால் தட்டிக் காட்டினாள். கணீரென்றது. விரிசலைத் தானே மூடிக்கொண்டு, அடைப்பைத் தானே கரைத்துவிடும் சாக்கடைக் குழாய் அது.

“பிளாஸ்டிக்கே போதும்மா,” என்று தலைவர் கொட்டாவி விட்டார்.

யாழரசிக்கு மனசு விட்டுப்போயிற்று. அப்போது உறுப்பினர் எஸ்தர் எழுந்து வந்து ஒரு சூடான டப்பாவை நீட்டினாள்.

“மழை வந்தாலே எங்க வீட்டுக்காரரை எங்க தெருச் சாக்கடையில இறங்கக் கூப்பிட்டுருவாங்க மேடம். அவர் திரும்புற வரைக்கும் எனக்கு உசிரே இருக்காது. கோடையில எங்க தெருவுலதான் இந்தக் குழாயைச் சோதனைக்குப் போட்டீங்க. இன்னைக்கு முதல் மழை பெஞ்சும் யாரும் கூப்பிடல. உங்களுக்குன்னு அவரே பஜ்ஜி போட்டாரு.”

தலைவரும் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“கருகிருக்கே?”

“மழையில வீட்டுல இருந்து அவருக்குப் பழக்கமில்லீங்க.”

தலைவர் அதை முழுசாகத் தின்றுவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.