தேவதூதருக்கு உடம்பு கிடையாது

தேவதூதராக நடிக்கும் நடிகை நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் முதுகிலிருக்கும் சிறகு மடங்கிவிடும்.

"மேடம், இன்னைக்கு இந்தப் பொண்ணு கதாநாயகனைக் கட்டிப்பிடிச்சே ஆகணும். இல்லேன்னா தொடரையே நிறுத்திடுவோம்னு சேனல்ல சொல்லிட்டாங்க" என்றார் இயக்குநர்.

இறையியல் பேராசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொடரில் வேதாகமத்துக்கு விரோதமாக எதுவும் வராமல் பார்ப்பது அவர் வேலை.

"தேவதூதருக்கு உடம்பே கிடையாது சார். எப்படிக் கட்டிப்பிடிப்பாங்க?"

"கையையாவது பிடிக்கட்டுமே?"

"ஊடுருவிப் போயிடும்."

"ஒரே குடையில நடக்கட்டும்?"

"அவங்கதான் மழையில நனைய மாட்டாங்களே."

இயக்குநர் விடவில்லை. "வேதாகமத்துல ஒரு தேவதூதர் விடிய விடிய மல்யுத்தமே பண்ணியிருக்காராமே. நானும் படிச்சேன் மேடம்."

"அது சண்டை. வேணும்னா இந்தப் பொண்ணு அவரை நாலு அறை அறையட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை."

கதவு திறந்தது. பாதி ஒப்பனையோடு கதாநாயகன் எட்டிப் பார்த்து, பேராசிரியையிடம் கேட்டார்: "என்னம்மா, இன்னும் முடியலையா? பாப்பாவை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணுமே."

இயக்குநர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்ப்பா, தெரிஞ்ச பேராசிரியைன்னுதானே சொன்னே?"

"தெரிஞ்சவதான் சார். கல்யாணமாகிப் பத்து வருஷமாத் தெரியும்."

சற்று யோசித்த இயக்குநர், நடிகையின் சிறகைக் கழற்றி வாங்கினார்.

"மேடம், கேமரா முதுகுப் பக்கந்தான் இருக்கும். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் இதை நீங்க மாட்டிக்கிறீங்களா?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தேவதூதருங்க உடம்பெடுத்து வர்றதும் உண்டு சார்."